காலத்தில் தீர்க்கும் கடன்

துன்பம் நேர்ந்தபோதெல்லாம் நம் வீடுகளில் முதலில் எழும் சொல், “எல்லாம் களாகத்ரு” என்பதாகும். இறைவன் விதித்தது நடந்தே தீரும் என்னும் நம்பிக்கை ஈமானின் உறுப்புகளுள் ஒன்று. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ‘களா’ என்னும் அவ்வரபுச் சொல்லுக்கு இன்னொரு வழக்கும் நம்மிடையே உண்டு. உரிய வேளையில் தொழுதால் அது ‘அதா’. வேளை தப்பியபின் தொழுதால் அது ‘களா’. ஒரே சொல் ஓரிடத்தில் இறைவனின் தீர்ப்பைக் குறிக்கிறது. மற்றோரிடத்தில் மனிதன் காலந்தாழ்த்தி நிறைவேற்றும் கடமையைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டால் என்ன நேரும்? நாம் தாழ்த்தியதையெல்லாம் அவன் விதித்ததாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்ள நேரும். வளர்ச்சியில் பின்தங்கிய பச்சிளங் குழந்தைகளின் விஷயத்தில் இக்குழப்பம் எத்துணைக் கேடு விளைக்கிறது என்பதையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

குழந்தைக்கு ஏது தொழில்?

மருத்துவத்தில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்றொரு துறை உண்டு. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்றும், செயல்முறை மருத்துவம் என்றும் அதனை வழங்குவர். பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, குறை தென்பட்ட உடனேயே இச்சிகிச்சையையும் இதுபோன்ற பிற சிகிச்சைகளையும் தொடங்கிவிடுவதற்கு ‘ஆரம்பநிலை இடையீடு’ என்று பெயர்.

முதன்முறை கேட்பவர், “பால்மணம் மாறாப் பிள்ளைக்கு ஏது தொழில்?” என்று வியப்பர். இலக்கணம் கற்றவர் வியக்கமாட்டார். உண்ணல், உடுத்தல், நடத்தல், ஆடல் என்று செயலின் பெயராய் வருவனவற்றைத் தமிழ் இலக்கணம் ‘தொழிற்பெயர்’ என்கிறதன்றோ? அரபு இலக்கணத்தார் இதனை ‘மஸ்தர்’ என்பர். ஒன்று புறப்பட்டு வரும் ஊற்றிடம் என்பது அதன் பொருள். தொழில் என்பது கூலிக்குச் செய்யும் வேலை மட்டுமன்று. உயிருள்ள ஒன்று தன் ஆற்றலால் செய்வதெல்லாம் தொழிலே. ஒரு வயதுப் பிள்ளைக்குத் தட்டில் கிடக்கும் பொரியை இரு விரலால் எடுப்பது தொழில். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோற்றைத் தானே வாயில் இடுவது தொழில். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டைக் கையில் தன் கையை நுழைப்பது தொழில். விளையாட்டோ எல்லா வயதுக்கும் தலையாய தொழில். இத்தொழில்கள் தடைப்படும்போது வழி திறந்துவிடுவதே இச்சிகிச்சையாளரின் பணி.

நம் நாட்டுக்கு இக்கலை வந்த வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவையே தம் நாடாக ஏற்ற கமலா நிம்ப்கர் அம்மையார், 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் இத்துறையினருக்கான அகில இந்தியச் சங்கமும் தோன்றியது. நம் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில், 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிறர் கைகளுக்கு அறுவை செய்து உயிர்ப்பூட்டினார். 1966-இல் அங்குத் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே முதற்காரணர். தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலற்றுப்போன எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இன்று அச்சங்கத்தின் பணியாளர்கள் சிற்றூர்களில் வீடு தேடிச் சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். தம் உடல் கட்டுண்டவர்கள் பிறர் உடலின் கட்டை அவிழ்க்க முன்வந்தார்கள் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

அந்தக் கடைசி இழுப்பு

இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது? மூளை முடக்குவாதத்தால் கைகால் விறைத்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கை வேலை செய்யவில்லை என்று பெற்றோர் அழைத்து வருவர். சிகிச்சையாளரோ முதலில் கையைப் பார்ப்பதில்லை. பிள்ளை உட்காரும் முறையைப் பார்க்கிறார். முதுகு நிலைகொள்ளாமல் கை நிலைகொள்ளாது. எனவே சுருட்டிய பாயோ தலையணையோ அணைகொடுத்து, பாதம் தரையில் படியுமாறு அமர்த்துகிறார். கரண்டிக் காம்பு மெல்லியதாய் இருந்தால் துணி சுற்றித் தடிப்பாக்கித் தருகிறார். சட்டை போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுக்கவும் தாய்க்குச் சொல்லித் தருகிறார். பருப்பைப் பரப்பிய தட்டிலும் பிசைந்த மாவிலும் பிள்ளையின் விரல்களுக்கு வேலை வைக்கிறார். அயலார் கண்ணுக்கு இது வெறும் விளையாட்டு. பிள்ளைக்கோ இதுதான் உழைப்பு. நம் ஊரில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றுவதைக் காண்கிறோம். தட்டிலிருந்து வாய்வரை தன் கையைக் கொண்டுசெல்லும் அப்பிள்ளையின் பயணம் அதனினும் நெடியது என்றால் மிகையாகாது.

அவர்கள் கையாளும் முறைகளுள் ஒன்று நம் சிந்தனையை வெகுவாய்க் கவர்ந்தது. சட்டை போடக் கற்பிக்கும்போது முதல் படியிலிருந்து தொடங்குவதில்லை. தலையை நுழைப்பது, கைகளை நுழைப்பது எல்லாவற்றையும் தாய் செய்துவிட்டு, நெஞ்சிலிருந்து வயிறுவரை சட்டையைக் கீழே இழுக்கும் அந்தக் கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட்டுவைக்கிறாள். அது கைவந்த பிறகு, கடைசிக்கு முந்தியதையும் விடுகிறாள். இவ்வாறு பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு படியும் பிள்ளையின் கைக்கு வருகிறது. இதன் நயம் என்னவெனில், முதல் நாளிலிருந்தே வேலை பிள்ளையின் கையால்தான் முடிகிறது. “நான் போட்டேன்” என்னும் நிறைவு அதற்குக் கிட்டுகிறது. உதவி என்பது என்ன என்னும் அறவியல் கேள்விக்கு இதனினும் சிறந்த விடை உண்டோ? எல்லாவற்றையும் நாமே செய்து முடிப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் அது பிறனுடைய தொழிலைப் பறிப்பதாகவும் ஆகிவிடலாம். அவன் செய்யக்கூடியதை அவனுக்கு விட்டுவைப்பதும் ஈகையே.

சிகிச்சையாளர் வாரத்துக்கு ஒருமுறை ஒருமணி நேரம் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சிய நேரமெல்லாம் பிள்ளை தாயிடமே இருக்கிறது. எனவே அவருடைய உண்மையான மாணவி தாயே. அவர் கற்பிப்பதை அவள் குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் உடுத்தும்போதும் நாள்தோறும் செய்தாக வேண்டும்.

பொறுமை வேறு, காத்திருத்தல் வேறு

இனி நம் கேள்விக்கு வருவோம். குழந்தையின் மூளை முதல் இரண்டு ஆண்டுகளிலேயே, வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. அப்பருவத்தில் அது ஈரக் களிமண் போன்றது. ஒரு பாதை அடைபட்டிருந்தால் இன்னொரு பாதையை அமைத்துக்கொள்ளும் வல்லமை அப்போது மிகுதி. வயது ஏற ஏற அவ்வல்லமை அற்றுப்போவதில்லை. ஆயின் குறைந்து வருகிறது. நான்கு மாதம் நிறைந்தும் தலை நிற்காமை, ஒன்பது மாதம் கடந்தும் உட்காராமை, ஒன்றரை வயதாகியும் நடவாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள்.

இத்தகைய அறிகுறி தென்பட்டால் நம் வீடுகளில் நடப்பது யாது? “அவன் அத்தாவும் நாலு வயதில்தான் பேசினார்” என்பார் பாட்டி. “ஆண்பிள்ளை, மெதுவாகத்தான் நடப்பான்” என்பார் அண்டை வீட்டார். ஓதிப் பார்ப்பர், தாயத்துக் கட்டுவர். பிறகு, “ஸப்ரு செய், அல்லாஹ் நாடினால் சரியாகும்” என்று தாயின் வாயை அடைப்பர். ஆண்டு ஒன்றாகும், மூன்றாகும், ஐந்தாகும். முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ‘அலிஃப், பே’ கற்பித்துவரும் நாம், மக்தபுக்கு வந்து சேரும் ஐந்து வயதுப் பிள்ளைகளுள் இத்தகையோரைக் கண்டிருக்கிறோம். எழுத்தின்மேல் விரல் வைக்க அவர்களால் இயலாது; விரலை வைத்தாலும் பார்வை அங்கு நிற்காது. அவர்கள் சோம்பேறிகளுமல்லர், அடங்காப்பிடாரிகளுமல்லர். அவர்களுக்குரிய ஒன்று உரிய வேளையில் வந்து சேரவில்லை, அவ்வளவே.

தாமதமாய்ப் பேசத் தொடங்கிப் பின் தழைத்த பிள்ளைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பினால், இழப்பது ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும். காட்டாமல் இருந்து, குறை உண்மையாய் இருந்துவிட்டால், இழப்பது குழந்தையின் மீளாத பருவம். மார்க்கச் சட்டத்தில் ‘இஹ்தியாத்’ எனப்படும் முன்னெச்சரிக்கைக்கு இதனினும் தெளிவான இடம் வேறு இல்லை.

‘ஸப்ரு’ என்னும் சொல்லின் வேர்ப்பொருளையும் நோக்க வேண்டும். கட்டி நிறுத்துதல், தடுத்துப் பிடித்தல் என்பதே அது. மனத்தை ஓடவிடாமல் கடமையோடு சேர்த்துக் கட்டிப்போடுவது ஸப்ரு. கைகட்டிச் சும்மா இருப்பது அன்று. ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவனிடம் பொறுப்புச் சாட்டு என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி நாம் அறிந்ததே. பிள்ளையின் ஒரு கையை விரித்து, ஒரு பொருளைப் பிடிக்கவைத்து, அது நழுவியதும் மீண்டும் பிடிக்கவைத்து, ஆறு மாதம் கழித்து ஒரே ஒருநாள் அப்பிடி நிலைத்தது கண்டு கண்ணீர் மல்கும் தாயிடமே ஸப்ரு இருக்கிறது. “பார்க்கலாம், பார்க்கலாம்” என்போரிடம் இருப்பது வெறும் காத்திருத்தலே.

ஒரு குழந்தையின் அழுகை

குழந்தையின் உரிமைக்கும் ஒரு வேளை உண்டு என்பதை உணர்த்தும் வரலாறு ஒன்றை நினைவுகூர்வோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்று விதித்திருந்தார்கள். ஓரிரவு மதீனாவுக்கு வெளியே தங்கிய வணிகக் கூட்டத்துக்குக் காவலாய் நின்றபோது, ஒரு குழந்தை விடாது அழுவதைக் கேட்டார்கள். மும்முறை சென்று விசாரித்தார்கள். கேட்பவர் இன்னாரென்று அறியாத தாய் உண்மையைச் சொன்னாள்: உதவித்தொகை விரைவில் கிடைக்கட்டும் என்று, காலம் வருமுன்னரே பாலை நிறுத்திப் பழக்குகிறாளாம்! அன்றைய வைகறைத் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் பிறருக்கு விளங்காவண்ணம் அழுகை மேலிட்டது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். தொழுகை முடிந்ததும், பிறந்த நாள்தொட்டே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவி உண்டு என ஆணை பிறந்தது. அக்குழந்தை மனுக் கொடுக்கவில்லை. அதற்கு அழ மட்டுமே தெரியும். அவ்வழுகையைக் கேட்டுச் சட்டத்தையே திருத்திக்கொண்ட உள்ளத்தை நினைக்குந்தோறும் நெஞ்சம் உருகுகிறது.

நம் காலத்தில் நடுவணரசு 2013-இல் தேசியச் சிறார் நலத் திட்டத்தைத் தொடங்கியது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கினையும் பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிவது அதன் நோக்கம். அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவினர் வந்து பார்க்கின்றனர். மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கும் அத்திட்டம் வழிசெய்கிறது. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. எனினும் ஜவ்வாது மலையிலிருந்து பிள்ளையைத் தோளில் சுமந்து இறங்கிவரும் தாய்க்குப் பௌர்ணமி நாளில் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைப்பதரிது. சட்டம் பிறந்துவிட்டது, அது வீட்டு வாசல்வரை வந்துசேர நம் போன்றோரின் கையும் வேண்டும்.

நடக்காத பிள்ளையின் மதிப்பு

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. காலத்தில் காட்டி, செய்ய வேண்டியதெல்லாம் செய்தும் நடக்காத பிள்ளைகள் உண்டு. பேசாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் பட்ட பாடும், அவர்களுக்காகப் பட்ட பாடும் வீணா?

சிகிச்சையாளரின் மிகப் பெரிய அறச்சோதனை இங்கேதான். “என் மகன் மற்றப் பிள்ளைகளைப்போல் ஆவானா?” என்று தாய் கேட்கும்போது என்ன சொல்வது? ஆவான் என்று சொல்லிப் பணம் கறப்போர் உலகில் உண்டு. ஆகமாட்டான் என்று ஒரே வெட்டாய் வெட்டுவோரும் உண்டு. முன்னது பொய், பின்னது மறைவானதை அறிந்ததாய்ப் பேசும் துணிவு. நேர்மையான சிகிச்சையாளர் இரண்டையும் சொல்வதில்லை. இன்று அவனால் முடிவது எது, நாளை அதற்கடுத்து முயலத்தக்கது எது என்பதையே சொல்கிறார். உண்மையையும் உரைத்து, நம்பிக்கையையும் கொல்லாத அச்சொல்லுக்கு நூலறிவு மட்டும் போதாது, இறையச்சமும் வேண்டும்.

நம் உஸூல் கலை வல்லார் மனிதனின் தகுதியை, ‘அஹ்லிய்யத்’தை, இரண்டாகப் பகுத்தனர். உரிமை பெறும் தகுதி ஒன்று. அது ‘அஹ்லிய்யத்துல் வுஜூப்’. செயலாற்றும் தகுதி மற்றொன்று. அது ‘அஹ்லிய்யத்துல் அதா’. செயலாற்றும் தகுதி அறிவும் வயதும் முதிர முதிரப் படிப்படியாய் வருவது. சிலருக்கு வராமலும் போகலாம். உரிமை பெறும் தகுதியோ மனிதனாய்ப் பிறந்ததனாலேயே முழுமையாய் வாய்ப்பது. கருவிலிருக்கும் சிசுவுக்குக்கூட வாரிசுப் பங்கை ஒதுக்கி வைக்கிறது நம் சட்டம். ஆகவே, ஒன்றும் செய்ய இயலாத பிள்ளைக்கும் நம்மீது உரிமை உண்டு. அவன் கை அசைந்தால்தான் அவனுக்கு மதிப்பு என்பது மார்க்கம் அறியாத கணக்கு. அவனுக்காகப் பாடுபடுவது அவனை ‘மனிதனாக்க’ அன்று; அவன் ஏற்கெனவே மனிதன் என்பதால்.

பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்கம் அருளப்பெற்றது. பெருந்தலைவர்களின் அவையைவிட அறிவு தேடி வந்த அவ்வெளியவரே மேல் என உணர்த்தப்பட்டது. அவர் பாங்கு சொல்பவராய் விளங்கினார். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் அவர்களுடைய பிரதிநிதியாகவும் நின்றார். கண் தரப்பட்டதால் அன்று, இடம் தரப்பட்டதால் அவர் உயர்ந்தார். உமையாக் கலீஃபா வலீத் (ஆட்சி கி.பி. 705–715) நடக்க இயலாதோருக்கு ஏவலாளையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்பதும் வரலாறு.

இடக்கைக்கு ஒரு சொல்

வீட்டில் அன்றாடம் நிகழும் ஒரு சிறு செய்தியைக் காண்போம். ஒரு வயது நிறையுமுன்பே பிள்ளை எல்லாவற்றையும் இடக்கையாலேயே எடுத்தால், “இடக்கைப் பழக்கம்” என்று கையில் தட்டுவோம். அவ்வயதில் எந்தக் கைக்கும் தனிப்பழக்கம் வருவது இயல்பன்று என்கிறது மருத்துவம். ஒரு கையையே ஓயாது பயன்படுத்தினால் மற்றக் கை தளர்ந்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். வலக்கையால் உண்பது நம் நெறி. அதைக் கற்பிப்பது நம் கடன். ஆனால் ‘உஸ்ரு’ உடையவருக்கு, அதாவது தக்க தடை உடையவருக்கு, இடக்கையால் உண்பதில் குற்றமில்லை என்று சட்ட வல்லார் தெளிவுபடுத்தியுள்ளனர். ஒழுக்கம் என்று நாம் தட்டுவது ஒரு நோயின் முதல் அறிகுறியையாகவும் இருக்கலாம். தட்டுமுன் பார்ப்பதே அறிவு.

ஊரார் மீதுள்ள கடமை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் மருத்துவத்தை ‘ஃபர்ளு கிஃபாயா’ என எண்ணுகிறார்கள். ஊரில் சிலர் செய்தால் எல்லார் மீதிருந்தும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். சட்டம் கற்க முண்டியடிப்போர், மருத்துவம் கற்க ஆளில்லாத ஊர்களைக் கண்டுகொள்வதில்லையே என்று அவர்கள் அன்றே வருந்தினார்கள். குழந்தைகளுக்கான இக்கலையும் அவ்வகையினதே. நம் பெண்மக்கள் பலர் இன்று கல்லூரி செல்கின்றனர். தாய்மாரோடு உள்வீட்டில் அமர்ந்து பேசவும், அவர்கள் மொழியிலேயே கற்பிக்கவும் அவர்களைவிடப் பொருத்தமானோர் யார்? சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் இதற்கான பட்டப்படிப்பு உண்டு. ஜமாஅத்துகள் கல்வி உதவி வழங்கும்போது இதனையும் எண்ணிப் பார்க்கலாகாதா?

படிப்பிக்க இயலாதோர் செய்யத்தக்கவையும் உள. தாயைப் பழிக்காமல் இருக்கலாம். “உன் வயிற்றில் பிறந்தது இப்படியா?” என்னும் ஒரு சொல் அவளைப் பல மாதம் வீட்டுக்குள் முடக்கிவிடும். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அப்பிள்ளையையும் மக்தபுக்கு வரவேற்று, அணைகொடுத்து அமர்த்தி, ஓர் எழுத்தையேனும் தொடவைக்கலாம். தொழுகையின்போது தம் பேத்தி உமாமாவைத் தோளில் ஏந்தி, ஸஜ்தாவுக்குச் செல்கையில் இறக்கி, எழுகையில் மீண்டும் ஏந்திக்கொண்ட நபியின் உம்மத்தன்றோ நாம்? குழந்தைக்காகக் குனிவதும் நிமிர்வதும் வணக்கத்துக்கு இடையூறல்ல.

இறைவன் விதித்த களாவை நாம் மாற்ற வல்லோம் அல்லோம். ஆனால் நம் கடமை களாவாகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. வேளை தப்பியவர்களும் மனம் தளர வேண்டுவதில்லை. களாத் தொழுகையும் தொழுகையே, அதையும் ஏற்பவன் அவனே. எனினும், பாங்கொலி கேட்டபின் வேளை இருக்கையிலேயே எழுந்து நிற்பவனின் சிறப்பு வேறு. பேசாத பிள்ளையின் மௌனமும் ஒரு பாங்கே. அதைக் கேட்கும் செவியையும், கேட்டவுடன் எழும் கால்களையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.